உயிர் நண்டு சமையல் வரை தாங்க: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வீட்டுக்கு உயிரோடு வந்த நண்டைக் கொல்வது பெரும்பாலும் நம் அக்கறைதான். தண்ணீர் இல்லாமல் தவிக்குமே என்று வாளியில் விடுகிறோம். கெட்டுப்போகுமே என்று ஐஸில் புதைக்கிறோம். ஓடிவிடுமே என்று மூடியை இறுக்குகிறோம். மூன்றுமே நண்டைச் சாகடிக்கும். அதற்கு வேண்டியது செவுளில் ஈரம், சுற்றிலும் காற்று, மிதமான குளிர், கொஞ்சம் இருட்டு. இவ்வளவு கொடுத்தால் பல வகை நண்டுகள் தண்ணீரே இல்லாமல் ஒரு நாளைத் தாண்டும். சேற்று நண்டு சில நாட்கள்கூடத் தாங்கும்.

கோளாறுகளுக்குப் போகும் முன் சரியான ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். அகலமான பெட்டி அல்லது கூடை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் நீர் தேங்கினாலும் நண்டு அதில் ஊறாதபடி துளைத் தட்டு ஒன்றைப் போடுங்கள். கொடுக்குகள் கட்டியே இருக்கட்டும். ஓடு மேலே, வயிறு கீழே இருக்கும்படி ஒரே அடுக்காக வையுங்கள். இடம் போதவில்லை என்றால் இரண்டு அடுக்கு, அதற்கு மேல் வேண்டாம். மேலே ஈரச் சாக்கோ ஈரத்துணியோ போர்த்துங்கள். துணியைப் பிழிந்தால் சில சொட்டு விழ வேண்டும், தானாக ஒழுகக் கூடாது. கடல் நண்டு என்றால் துணியை உப்புநீரில் நனைப்பது நல்லது. கடல்நீரின் உப்பு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம், அந்த அளவே போதும். மூடி இருந்தால் ஒருபக்கம் திறந்து வையுங்கள்.

குளிர் விஷயத்தில் எல்லா நண்டுக்கும் ஒரே அளவு பொருந்தாது. வெப்பக் கடலைச் சேர்ந்த சேற்று நண்டுக்கு 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இதமானது. 10 டிகிரிக்குக் கீழே நெடுநேரம் இருந்தால் அது தளர்ந்துவிடும். குளிர்க்கடல் நண்டுகளோ 5 டிகிரியை ஒட்டிய குளிரில் நன்றாகவே இருக்கும். எந்தக் கடல் நண்டு என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

வாயிலிருந்து நுரை தள்ளுகிறது

பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் நுரை வருகிறது என்றாலே நண்டு உயிரோடு மூச்சு விடுகிறது என்று அர்த்தம். ஓட்டுக்குள் இருபக்கமும் செவுள் அறைகள் இருக்கின்றன. அங்கே மிச்சமிருக்கும் தண்ணீரை நண்டு வாய்க்குப் பக்கத்தில் உள்ள துவாரங்கள் வழியாக வெளியே தள்ளுகிறது. தண்ணீரோடு காற்றும் கலந்து வருவதால் குமிழி குமிழியாகத் தெரிகிறது. தண்ணீருக்கு வெளியே இருக்கிற நண்டு இப்படிச் செய்வது இயல்பு.

கவனிக்க வேண்டியது நுரை எப்படி மாறுகிறது என்பது. முதலில் ஈரமாக, பெரிய குமிழிகளாக வரும். நேரம் ஆக ஆகக் கெட்டியாகி, வாயோரத்தில் ஒட்டிக் காயத் தொடங்கினால் செவுள் வறண்டுகொண்டிருக்கிறது. துணியை மறுபடி நனையுங்கள். மின்விசிறியோ ஏசியின் காற்றோ நேராகப் படுகிறதா என்று பாருங்கள். நண்டுக்குக் காற்று வேண்டும், ஆனால் வீசும் காற்று ஆகாது, அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். வண்டியில் கொண்டுவரும்போதும் இதே கதைதான். ஜன்னலோரக் காற்றிலும் வெயிலிலும் அரை மணி நேரம் இருந்த நண்டு, நிழலில் அரை நாள் இருந்த நண்டைவிடச் சோர்ந்து வரும்.

அசையாமல் கிடக்கிறது: செத்துவிட்டதா, மயக்கமா?

அவசரப்பட்டுத் தூக்கிப் போடவும் வேண்டாம், எப்படியும் வேகத்தானே போகிறது என்று பாத்திரத்தில் போடவும் வேண்டாம். குளிரில் இருந்த நண்டு மரத்துப்போய்க் கிடக்கும், செத்த நண்டும் அப்படியேதான் கிடக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்கக் கண்ணைத் தொட்டுப் பாருங்கள்.

நண்டின் கண்கள் சிறு காம்புகளின் நுனியில் இருக்கின்றன, ஓட்டின் முன்விளிம்பில் அவை மடங்கி உட்கார ஆளுக்கொரு குழி இருக்கிறது. ஓர் ஈர்க்குச்சியின் நுனியால் கண்காம்பை மெல்லத் தொடுங்கள். உயிர் இருந்தால் கண் குழிக்குள் மடங்கும். நல்ல தெம்பு இருந்தால் சட்டென்று மடங்கும், குளிரில் மரத்திருந்தால் சற்று யோசித்துவிட்டு மெதுவாக. அடுத்து வாயைப் பாருங்கள். முன்னால் இருக்கும் சிறு தட்டுகளில் ஏதாவது துடிப்பு தெரிகிறதா? அதன்பின் பின்னங்கால் பக்கமாகப் பிடித்து மேலே தூக்குங்கள். உயிருள்ள நண்டு கால்களை உடம்போடு இழுத்து வைத்துக்கொள்ளும், அல்லது விரித்து உதறும். செத்த நண்டின் கால்கள் தன்பாட்டுக்குத் தொங்கும், ஆட்டினால் ஆடும்.

மூன்றுக்கும் பதில் இல்லையா? குளிரிலிருந்து எடுத்து நிழலில், ஈரத்துணி மேல் 15 நிமிடம் வையுங்கள். மரத்துப்போன நண்டு அதற்குள் ஒரு காலையாவது அசைக்கும். அசைத்தால் சரி, அதை முதலில் சமையுங்கள், திரும்பக் குளிரில் வைக்க வேண்டாம். அசையவே இல்லை என்றால் செத்துவிட்டது.

செத்ததைச் சமைத்தால் என்ன என்று பலரும் கேட்பார்கள். வெட்டின ஆட்டிறைச்சிக்கு உள்ள அவகாசம் நண்டுக்கு இல்லை. ஓட்டுக்குள்ளே மஞ்சளும் பச்சையுமாக இருக்கும் செரிமானச் சுரப்பி நிறைய நொதிகளைச் சுமந்துகொண்டிருக்கிறது. உயிர் போனதும் அந்த நொதிகள் பக்கத்துச் சதையையே கரைக்க ஆரம்பித்துவிடும். கூடவே நண்டின் உடம்பிலும் குடலிலும் ஏற்கெனவே இருக்கும் விப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் சூட்டில் மளமளவென்று பெருகும். விப்ரியோவில் ஒரு வகை தோதான சூட்டில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியது. கொதிநீர் பாக்டீரியாவைக் கொல்லும், உண்மைதான். ஆனால் சில பாக்டீரியாக்கள் விட்டுச்செல்லும் நஞ்சு கொதியிலும் அழியாது. ஆகவே எப்போது செத்தது என்று தெரியாத நண்டை, வாடை வராவிட்டாலும், குப்பையில் போடுங்கள். விலை கொடுத்து வாங்கியது மனசு கேட்காதுதான், ஆனாலும் போடுங்கள். சமைப்பதற்குச் சற்று முன்னால் நீங்களே குளிரில் மயக்கிய நண்டு இந்தக் கணக்கில் வராது.

வாளித் தண்ணீரில் விட்டேன், காலையில் எல்லாம் செத்துக் கிடந்தன

தண்ணீரில் வாழ்கிற பிராணி தண்ணீரிலேயே மூச்சுத்திணறிச் சாகுமா என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 280 மில்லிகிராம் ஆக்ஸிஜன் இருக்கிறது. 25 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருப்பது 7 மில்லிகிராம்தான். கடலில் அந்த 7 தீரத் தீர அலையும் நீரோட்டமும் புதிதாகக் கொண்டுவரும். வாளியில் யார் கொண்டுவருவார்கள்? நாலைந்து நண்டு சேர்ந்தால் அதைச் சீக்கிரமே தீர்த்துவிடும். அதற்கப்புறம் அவை தண்ணீருக்குள் இருந்துகொண்டே மூச்சுக்குத் தவிக்கும்.

இது போதாதென்று கழிவு வேறு. நண்டு தன் உடம்பின் அமோனியாவைச் செவுள் வழியாகத்தான் தண்ணீரில் வெளியேற்றுகிறது. வெளியே காற்றில் இருக்கும்போது பல வகை நண்டுகள் அதை உடம்பிலேயே தேக்கி வைத்திருந்து, தண்ணீரில் விட்டதும் மொத்தமாகக் கொட்டும். சின்ன வாளி என்றால் அந்த ஒரு கொட்டலே அதை விஷமாக்கிவிடும்.

குழாய்த்தண்ணீர் என்றால் இன்னும் மோசம். கடல் நண்டின் உடல்நீரில் உப்பு அதிகம், குழாய்நீரில் உப்பே இல்லை. தண்ணீர் செவுள் வழியாக உள்ளே ஏற, உப்பு வெளியே போக, நண்டு உள்ளுக்குள்ளேயே நிலைகுலைகிறது. கழிமுகத்தில் வாழும் சேற்று நண்டு உப்பு ஏறுவதையும் இறங்குவதையும் ஓரளவு தாங்கும், நடுக்கடல் வகைகள் தாங்காது. குழாய்நீரில் குளோரின் இருந்தால் அது செவுளையும் அரிக்கும்.

இப்போது நண்டு வாளியில்தான் இருக்கிறது, ஆனால் இன்னும் அசைகிறது என்றால் உடனே வெளியே எடுங்கள். சாய்த்துப் பிடித்து ஓட்டுக்குள் இருக்கும் நீரை வடியவிட்டு, ஈரத்துணிக்குள் வைத்து, அன்றைக்கே சமையுங்கள். தண்ணீரில்தான் வைத்தாக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் அரைகுறையாகச் செய்யாதீர்கள். பெரிய தொட்டி, சரியான உப்பளவு, குளோரின் நீக்கிய நீர், நிற்காமல் ஓடும் ஏர் பம்ப், குறைவான நண்டுகள், இவை எல்லாம் சேர்ந்தால்தான் அது தொட்டி. ஒரு வேளைச் சமையலுக்காக இவ்வளவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை, ஈரச் சாக்கு போதும்.

நண்டு வயிற்றில் இருக்கும் சேறு வெளியேறட்டும் என்று சிலர் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போடுவார்கள். தேவையே இல்லை. வெளியே ஒட்டிய சேற்றைச் சமைக்கும் முன் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போகும். குடலும் வயிறும் சுத்தம் செய்யும்போது எப்படியும் வெளியே வந்துவிடும்.

பிரிட்ஜில் வைத்த நண்டு சில மணி நேரத்தில் தளர்ந்துவிட்டது

பிரிட்ஜின் உள்ளே பொதுவாக 3 முதல் 5 டிகிரி இருக்கும். வெப்பக் கடல் நண்டுக்கு அது கடுங்குளிர். அதிலும் பின்சுவரை ஒட்டி வைத்தால் இன்னும் குளிரும். கீழ்த்தட்டில், காய்கறி வைக்கும் பெட்டிப் பக்கமாக, கதவுக்கு அருகில் வையுங்கள். நண்டுக்கும் தட்டுக்கும் நடுவே தடித்த துணியோ செய்தித்தாள் அடுக்கோ இருக்கட்டும். பிரிட்ஜின் காற்று வறண்டது என்பதால் மேலே போர்த்திய துணியைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் நனையுங்கள்.

வீட்டிலேயே நல்ல குளிர்ச்சியான, இருண்ட மூலை இருந்தால், அதே நாளில் சமைப்பதற்கு சேற்று நண்டை பிரிட்ஜுக்கே கொண்டுபோக வேண்டியதில்லை. அறையின் சூடு 25 டிகிரியைத் தாண்டினால்தான் குளிர்பெட்டியைத் தேடுங்கள்.

நீலக்கால் நண்டு, முக்கண்ணன் நண்டு, சிலுவை நண்டு போன்ற நீந்தும் வகைகள் விஷயத்தில் இதெல்லாம் அதிகம் பலிக்காது. தண்ணீரை விட்டு வெளியே வந்தால் சேற்று நண்டின் பொறுமை அவற்றுக்கு இல்லை, மணிக்கணக்குதான். அவற்றை வாங்கும் முடிவும் சமைக்கும் முடிவும் ஒன்றாகவே இருக்கட்டும்.

ஐஸ் பெட்டியில் வைத்தேன், அடியில் இருந்தவை மட்டும் செத்தன

ஐஸ் உருகினால் வருவது நல்லதண்ணீர். அடியில் இருந்த நண்டுகள் அதில்தான் மூழ்கியிருக்கும். மேலே வாளிக்குச் சொன்ன அத்தனையும் இங்கேயும் நடந்திருக்கிறது, கூடுதலாகப் பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிர் வேறு. ஐஸைப் பிளாஸ்டிக் பையில் கட்டியோ பாட்டிலில் உறையவைத்தோ அடியில் போடுங்கள். அதற்கு மேல் தட்டு, தட்டுக்கு மேல் மடித்த சாக்கு, அதற்கும் மேல் நண்டு. வடிகுழாய் இருந்தால் திறந்தே இருக்கட்டும். மூடியை முழுக்க அடைக்காதீர்கள். காற்றுப் புகாத பெட்டியில் நண்டுகள் உள்ளிருக்கும் ஆக்ஸிஜனைத் தீர்த்துவிட்டுச் சாகும். கட்டிய பிளாஸ்டிக் பையில் கொடுத்தாலும் வாங்கின கையோடு பையைத் திறந்துவிடுங்கள்.

பெட்டியில் ஒன்று செத்துவிட்டது, மற்றவை நன்றாக இருக்கின்றன

செத்ததை உடனே எடுத்துவிடுங்கள். அதிலிருந்து வடியும் நீர் மற்றவற்றின் மேல் படக் கூடாது. துணியை மாற்றி, பெட்டியின் அடியைத் துடையுங்கள். ஒன்று செத்தது மற்றவற்றுக்கும் ஒரு முன்னறிவிப்பு என்று எடுத்துக்கொள்வேன் நான். ஒரே கூடையில், ஒரே நேரத்தில் பிடிபட்டு வந்தவை ஏறக்குறைய ஒரே தெம்பில்தான் இருக்கும். ஆக ஒவ்வொன்றையும் கண்காம்பைத் தொட்டுப் பார்த்து, மெதுவாக மடக்குபவற்றை முதலில் சமையலுக்கு ஒதுக்குங்கள்.

கால் கழன்று கிடக்கிறது, அல்லது கொடுக்கு உடைந்து நீர் வடிகிறது

இரண்டும் ஒன்றல்ல. மிரண்ட நண்டு தன் காலையோ கொடுக்கையோ அடிமூட்டுக்குப் பக்கத்தில் தானே கழற்றிவிடும். அங்கே அதற்கென்றே ஒரு பிரிகோடு இருக்கிறது, கழன்றதும் ஒரு சவ்வு காயத்தை அடைத்துவிடும். அப்படிப்பட்ட நண்டு தாக்குப்பிடிக்கும். காலின் நடுவில் ஓடு நொறுங்கியிருந்தால் அப்படி இல்லை, அங்கே ரத்தம் நிற்காது. நண்டின் ரத்தத்தில் இரும்புக்குப் பதில் தாமிரம் இருப்பதால் அது சிவப்பாக இருக்காது, நிறமே இல்லாமலோ வெளிர்நீலமாகவோ வடியும். தண்ணீர்தானே என்று விட்டுவிடாதீர்கள். அந்த நண்டுதான் இன்றைக்கு முதலில் அடுப்புக்குப் போக வேண்டும்.

கொதிநீரில் போட்டதும் கால்கள் உதிர்கின்றன என்பதும் இதே கோளாறுதான். உயிரோடு நேராகக் கொதியில் போட்டால் நண்டு கால்களை உதறிவிடும், உடைந்த இடம் வழியாகத் தண்ணீர் ஏறிச் சதை சப்பென்று ஆகும். அது தேவையில்லாத வதையும்கூட. நண்டு, இறால் வகைகளுக்கு வலி உணர்வு உண்டு என்பதை ஏற்று 2022-இல் பிரிட்டன் அவற்றை விலங்குநலச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. வெப்பக் கடல் நண்டு என்றால் மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்புநீர் கலந்த குழம்பலில் குறைந்தது 20 நிமிடம் முழுக்க மூழ்க வையுங்கள். பெரிய நண்டுக்கு இன்னும் கூடுதல் நேரம் பிடிக்கும். கண்ணைத் தொட்டால் மடங்கக் கூடாது, கால் எதிர்க்கக் கூடாது. அதன்பின் வயிற்றுப்பக்க மடலைத் தூக்கி அடியில் உள்ள நரம்பு மையத்திலும், முன்னால் கண்களுக்கு நடுவே உள்ளதிலும் கூரான கம்பியால் குத்திவிட்டால் ஆயிற்று. குளிர்க்கடல் வகைகளுக்கு ஐஸ் அவ்வளவாக உறைக்காது, அவற்றுக்குக் கம்பிதான் முக்கியம்.

கட்டு அவிழ்ந்து ஓடுகிறது

கொழுத்த நண்டு வளையில் தங்காது என்பார்கள், பெட்டியில் மட்டும் தங்குமா? தெம்பான நண்டு என்று சந்தோஷப்பட்டுவிட்டுப் பிடியுங்கள். ஈரத்துணி ஒன்றை மேலே போட்டால் இருட்டில் சற்று அடங்கும். பின்பக்கமாக, கடைசிக் காலின் அடியில், ஓட்டையும் வயிற்றையும் சேர்த்துப் பிடித்தால் கொடுக்கு எட்டாது. வெறுமனே விட்டு வைத்தால் ஒன்றையொன்று கிழித்துக்கொள்ளும் என்பதால் மறுபடி கட்டுங்கள், அல்லது தனிப் பெட்டி கொடுங்கள்.

கவ்விவிட்டதா? இழுக்காதீர்கள், இழுக்க இழுக்க இறுக்கும். கையோடு நண்டையும் தண்ணீருக்குள் கொண்டுபோனால் பெரும்பாலும் விட்டுவிட்டுத் தப்பப் பார்க்கும். காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவுங்கள். கடல்நீர் பாக்டீரியாக்கள் காயம் வழியாகவும் ஏறும். சில மணி நேரத்தில் சிவந்து, வீங்கி, கடுமையாக வலித்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள். கல்லீரல் நோயோ நீரிழிவோ உள்ளவர்கள் இதில் கொஞ்சமும் தாமதிக்கக் கூடாது.

அளவு பெரிது, ஆனால் கனமே இல்லை

ஓடு உரித்துப் புது ஓடு போட்டுக்கொண்ட நண்டு அது. ஓடு பெரிதாகிவிட்டது, சதை இன்னும் நிரம்பவில்லை, நடுவில் இருப்பது தண்ணீர். வயிற்றுப்பக்கம் கால்களின் அடியில் கட்டைவிரலால் அழுத்தினால் ஓடு உள்ளே அமுங்கும். இப்படிப்பட்டவை சேமிப்பையும் தாங்காது. வாங்கும்போதே தவிர்த்துவிடுங்கள், வந்துவிட்டது என்றால் அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

வாடை அடிக்கிறது

நல்ல நண்டில் கடல் வாடையும் சேற்று வாடையும் இருக்கும், அது தப்பில்லை. மூக்கில் சுள்ளென்று ஏறும் அமோனியா வாடை என்றால் சதை சிதைய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். பெட்டியைத் திறந்ததும் அடித்து, துணியை மாற்றிய பின் போய்விட்டால் வாடை துணியிலோ தேங்கிய நீரிலோ இருந்திருக்கும். ஒவ்வொரு நண்டாக எடுத்து, வயிற்று மடலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே முகர்ந்து பாருங்கள். அங்கே அடித்தால் அந்த நண்டு வேண்டாம். மஞ்சளும் புளியும் போட்டு வாடையை மறைக்கலாம், கெட்டதை நல்லதாக்க முடியாது.

வெந்த பிறகு கோளாறு தெரிகிறது

சதை கொழகொழவென்று, நார் நாராகப் பிரியாமல் இருந்தால், சமைக்கும் முன்பே செத்த நண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். வாடை வராவிட்டாலும் அதைச் சாப்பிட வேண்டாம். வாடை இல்லை, சதை குறைவு, தண்ணீராக ஒழுகுகிறது என்றால் மேலே சொன்ன ஓடு உரித்த நண்டு, ருசிதான் போயிற்று. சதை ஓட்டைவிட்டு வர மறுத்து, கண்ணாடிப் பளபளப்போடு இருந்தால் இன்னும் வேகவில்லை, மறுபடி அடுப்பில் வையுங்கள்.

மூட்டுகளிலும் ஓட்டின் விளிம்பிலும் கருமை படர்வது, செத்த பிறகு நொதிகள் செய்யும் நிறமாற்றம். வெட்டிய கத்தரிக்காய் கறுப்பது மாதிரி. அது மட்டும் விஷம் என்று சொல்ல முடியாது, ஆனால் நண்டு நெடுநேரம் கிடந்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். வெந்த சதையில் அங்கங்கே தெரியும் நீலம், ரத்தத்தில் இருந்த தாமிரத்தின் வேலை, பயப்பட வேண்டாம். செவுளில் வெள்ளை வெள்ளையாகக் காம்போடு சின்ன உயிரிகள் ஒட்டியிருந்தால் அவை கொட்டலசு வகை. செவுளை எப்படியும் பிய்த்தெறியப் போகிறோம், அதோடு போய்விடும்.

சமையல் நாளைக்குத் தள்ளிப்போய்விட்டது

சேற்று நண்டு தெம்பாக இருந்தால் ஈரச் சாக்கோடு ஒரு நாள் காத்திருக்கலாம். மற்றவற்றை இன்றைக்கே வேகவைத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். உயிர் நண்டை அப்படியே பிரீசரில் போட்டு வைக்காதீர்கள். உறைவதும் பிறகு உருகுவதும் மெதுவாக நடக்கும், அந்த நேரத்தில் செரிமானச் சுரப்பி சதையைக் கொழகொழக்க வைத்துவிடும். ஓட்டைத் திறந்து, செவுளையும் குடலையும் நீக்கி, கழுவி, வேகவைத்து, ஆறியதும் மூடிய டப்பாவில் வையுங்கள். சமைத்து முடித்த 2 மணி நேரத்துக்குள், கோடைச் சூட்டில் 1 மணி நேரத்துக்குள், பிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். 4 டிகிரிக்குக் கீழே இரண்டு நாட்கள் என்பது என் வரம்பு. அதற்கு மேல் என்றால் மைனஸ் 18 டிகிரி பிரீசர்தான்.

நண்டு நல்ல நண்டு, நன்றாக வெந்ததும்கூட, ஆனால் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது

சேமித்த பெட்டியைப் பாருங்கள். வெந்த நண்டை எடுத்து, உயிர் நண்டு இருந்த அதே கூடையிலோ தட்டிலோ வைத்தீர்களா? பச்சை நண்டைப் பிடித்த இடுக்கியால் வெந்ததை எடுத்தீர்களா? பச்சையில் இருந்த விப்ரியோ வெந்த சதைக்குத் தாவியிருக்கும். அங்கே போட்டிக்கு வேறு பாக்டீரியாக்கள் இல்லாததால் சூட்டில் வைத்த கொஞ்ச நேரத்திலேயே பெருகும். பச்சைக்கு ஒரு தட்டு, வெந்ததற்கு வேறு தட்டு. சாக்கு, துணி, பலகை, குழாய்த்தொட்டி எல்லாவற்றையும் சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவிக் காயவையுங்கள். வயிற்றுப்போக்கு வந்தவர்களுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே இருங்கள். மலத்தில் ரத்தமோ கடும் காய்ச்சலோ இருந்தாலும், தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்தாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். உதடும் முகமும் வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு வாங்கினால் அது கெட்ட நண்டின் வேலையல்ல, ஒவ்வாமை. அதற்கு ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.